வெஞ்சனத்தில் நமக்கும் ஒரு பங்கு

இந்த மாதப் பாடம்: வெயில் காலத்துக்கு அடுப்பில்லாத வெஞ்சனங்கள்



இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள். நடுவில் நிறுத்திப் பேசுங்கள். கடைசியில் கேள்விகள் உள்ளன. அவற்றைப் பேசி முடித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு சேமிப்பு வசூலுக்குப் போகலாம்.

ஒரு கேள்வி கேட்டோம்

போன வருடம் சித்திரை மாதக் கூட்டத்தில் நாங்கள் ஒரு சின்னக் கேள்வி கேட்டோம். "நேத்து ராத்திரி சோத்துக்கு உங்க தட்டுல என்ன வெஞ்சனம்?" அவ்வளவுதான் கேள்வி.

முதலில் எல்லோரும் வீட்டில் என்ன சமைத்தோம் என்று சொன்னார்கள். கத்திரிக்காய் புளிக்குழம்பு, முட்டை, பீர்க்கங்காய்க் கூட்டு என்று வந்தது. "வீட்டுல என்ன ஆக்குனீங்கன்னு கேக்கல. உங்க தட்டுல என்ன இருந்துச்சு?" என்று திரும்பக் கேட்டோம். கூட்டம் கொஞ்சம் அமைதியானது. பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் 14 பேர். 6 பேர் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டிருந்தார்கள். 4 பேருக்கு வெறும் குழம்பு. வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்ட அதே வெஞ்சனத்தைச் சாப்பிட்டவர்கள் 3 பேர்தான். மீதி இருந்த ஒரு அக்கா, "நான் வறுத்த சட்டியிலயே சோத்தைப் போட்டு, ஒட்டுனதை வழிச்சு, பெசஞ்சு தின்னுட்டேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நாமும் அப்படித்தானே செய்கிறோம் என்ற சிரிப்பு அது. ஆனால் அந்த அக்காவுக்கு முந்தின மாதம் துணை சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்திருந்தார்கள். ஹீமோகுளோபின் 8 என்று வந்திருந்தது. 12 இருக்க வேண்டிய இடத்தில் 8. சிரித்து முடித்ததும் ஒருவர் அதை நினைவுபடுத்தினார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் அன்றைக்குப் பேசினோம். கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் காய்கறி விவசாயம் செய்கிறவர்கள். நம் காட்டில் விளைந்த வெள்ளரியும் முருங்கையும் தக்காளியும் சின்ன வெங்காயமும் மூட்டை மூட்டையாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகின்றன. காயைப் பறித்து, தரம் பிரித்து, சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றிவிடுவது நாம்தான். ராத்திரி நாம் தொட்டுக்கொள்வது கடையில் வாங்கின ஊறுகாய்!

அன்று எழுதின தீர்மானத்தில் இருந்து வந்ததுதான் இந்தப் பாடம்.

வெயில் காலத்தில் ஏன் இந்தக் குறை கூடுகிறது?

சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கும் சிமெண்டுக் கூரைக்கும் கீழே அடுப்பு முன்னால் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்த உடம்பு. சோறு ஆக்கி, ஒரு குழம்பு வைத்தால் போதும் என்று இருக்கும். வெஞ்சனம் கொஞ்சமாகத்தான் செய்வோம். கொஞ்சமாக இருப்பதை முதலில் சாப்பிடுகிறவர்களுக்கு வைத்துவிடுவோம். கடைசியில் சாப்பிடுகிற நமக்கு மிஞ்சாது. வெக்கையில் பசியும் இருக்காது. ரெண்டு வாய் சோறு, ஒரு டீ என்று அந்த நாள் முடிந்துவிடும்.

அடுப்பே வேண்டாத வெஞ்சனம் இதற்கு ஒரு நல்ல வழி. பத்து நிமிடத்தில் முடியும். விறகு, கேஸ் செலவு இல்லை. வெயில் காலத்தில் உடம்பு வேர்வையாக இழக்கிற தண்ணீரிலும் கொஞ்சம் திரும்ப வரும். வெள்ளரிக்காயில் 100 கிராமுக்கு 95 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். இதெல்லாம் லாபம். இதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. அதை அடுத்துப் பார்ப்போம்.

ரத்தசோகையும் எலுமிச்சம் பழமும்

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதாவது 14 பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு குழுவில் 7 பேர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். உங்கள் இருவரில் ஒருவர் என்று கணக்கு.

ஹீமோகுளோபின் அளவு பெண்களுக்கு 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11 கிராம் இருக்க வேண்டும். இதற்குக் குறைந்தால் ரத்தசோகை. மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, கால் வீங்குவது, எந்நேரமும் அசதி, இதெல்லாம் அதன் அடையாளம். "எனக்கு வேலை ஜாஸ்தி, அதான் அசதி" என்று நாமே சொல்லிக்கொண்டு விட்டுவிடுகிறோம்.

ரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டும். கம்பு, கீரை, பச்சைப்பயறு, தட்டப்பயறு, எள்ளு இவற்றில் இரும்புச்சத்து இருக்கிறது. நாம் சாப்பிடாதவையும் இல்லை. ஆனால் தானியத்திலும் கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பை நம் உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. கறி, மீனில் இருக்கிற இரும்பு சேருகிற அளவுக்கு இது சேராது. சாப்பிட்டதில் பெரும்பகுதி வீணாகத்தான் வெளியே போகிறது.

அதைச் சேர வைக்கிற பொருள் வைட்டமின் சி. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, மாங்காய், தக்காளி, பச்சைக் கொத்தமல்லி இவற்றில் அது இருக்கிறது. நெல்லியிலும் கொய்யாவிலும் ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு அதிகம். இதில் ரெண்டு விஷயத்தை மறக்கக் கூடாது.

ஒன்று, வைட்டமின் சி சூட்டில் கெட்டுப்போகும். கொதிக்கிற ரசத்தில் எலுமிச்சை பிழிவதைவிட, இறக்கி வைத்த பிறகு பிழிவது நல்லது. பச்சையாகச் சாப்பிடுகிற வெஞ்சனத்தில் பிழிந்தால் இன்னும் நல்லது.

ரெண்டு, இரும்புச்சத்து உள்ள சாப்பாட்டோடு அதே வேளையில் சாப்பிட வேண்டும். மதியம் கீரை சாப்பிட்டு, சாயங்காலம் எலுமிச்சை ஜூஸ் குடித்தால் அந்தப் பலன் வராது.

இதற்கு நேர்மாறாக வேலை செய்வது டீயும் காப்பியும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், சோற்றில் இருந்த இரும்பை உடம்பில் சேர விடாமல் அது தடுத்துவிடும். டீயை விட முடியாது என்று எங்களுக்குத் தெரியும். எங்களாலும் முடியவில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அது போதும்.

ஆக, கம்பஞ்சோறும் கீரையும் இருக்கிற தட்டில் ஒரு கைப்பிடி பச்சை வெஞ்சனம், அதன் மேல் அரை மூடி எலுமிச்சை. செலவு கொஞ்சம். அந்தக் கீரைக்குச் செய்த செலவு வீணாகாமல் இருக்க இதுதான் வழி.

நறுக்குவதற்கு முன்னால்

பச்சையாகச் சாப்பிடுவதால் சுத்தம் முக்கியம். வெயில் காலத்தில்தான் வயிற்றுப்போக்கும் வாந்தியும் அதிகம் வருகிறது. அதனால் இந்த ஏழு விதிகளையும் மறக்காதீர்கள்.

1. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காயை முழுசாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் ரெண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவுங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும்.

2. கொத்தமல்லி, புதினாவை வேரை நறுக்கிவிட்டு, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசுங்கள். மண் அடியில் தங்கும். தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலச வேண்டும்.

3. மீன், கறி நறுக்கிய அரிவாள்மனையில் அப்படியே காய் நறுக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவின பிறகு நறுக்குங்கள். காயை முதலில் நறுக்கி வைத்துவிடுவது இன்னும் சுலபம்.

4. சாப்பிடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் கலக்குங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். முன்னாலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டுச் சளசளவென்று ஆகிவிடும்.

5. மிஞ்சியதை ராத்திரிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். அந்த வெக்கையில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்ததைச் சாப்பிட வேண்டாம்.

6. எலுமிச்சை, மாங்காய், தயிர் சேர்ந்ததை அலுமினியம், பித்தளைப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது. எவர்சில்வர், மண்சட்டி, பீங்கான் நல்லது.

7. வெள்ளரிக்காய், சுரைக்காய் இவற்றில் ஒரு துண்டு நறுக்கி வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயைக் குப்பையில் போடுங்கள். "காசு குடுத்து வாங்குனதாச்சே" என்று பார்க்காதீர்கள். கசந்த சுரைக்காய் கடுமையான வாந்தி, வயிற்றுவலி, ரத்தவாந்தி வரை கொண்டுபோய் உயிருக்கே ஆபத்து ஆகும். வேக வைத்தாலும் அந்த விஷம் போகாது.

ஐந்து வெஞ்சனங்கள்

கீழே உள்ள அளவெல்லாம் ஐந்து பேருக்கு. எல்லாம் நாங்கள் செய்து பார்த்து, கூட்டத்தில் சாப்பிட்டுப் பார்த்தவைதான்.

1. வெள்ளரிக்காய்க் கோசுமல்லி

பாசிப்பருப்பு 100 கிராம், நடுத்தர வெள்ளரிக்காய் 2, புளிப்பு மாங்காய்த் துருவல் 2 கரண்டி, தேங்காய்த் துருவல் 2 கரண்டி, பச்சை மிளகாய் 1, எலுமிச்சை 1, கொத்தமல்லி ஒரு பிடி, உப்பு.

பருப்பை நன்றாகக் கழுவி, குடிக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும். அதுதான் பதம். தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிடுங்கள். வெள்ளரிக்காயைத் தோலோடு பொடியாக நறுக்கி, எல்லாவற்றையும் கலந்து, சாப்பிட உட்காரும்போது எலுமிச்சையும் உப்பும் சேருங்கள். விரும்பினால் ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டலாம். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் வரும். பருப்பு இருப்பதால் வயிறும் நிறையும். மாங்காய் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், எலுமிச்சை மட்டும் போதும்.

2. மாங்காய் வெங்காயம்

சின்ன வெங்காயம் 20, கிளிமூக்கு மாங்காய் அல்லது கிடைக்கிற புளிப்பு மாங்காய் 1, மிளகாய்ப் பொடி கால் ஸ்பூன், உப்பு, நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன்.

வெங்காயத்தை ஒன்றிரண்டாக நசுக்கி, மாங்காயைத் தோலோடு சின்னதாக நறுக்கி, மற்றதைச் சேர்த்துப் பிசறி பத்து நிமிடம் வையுங்கள். கம்பங்கூழுக்கும் பழைய சோற்றுக்கும் இதைவிடப் பொருத்தம் கிடையாது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்னால் செய்துவிடலாம். தூக்குப்போசியில் கொண்டுபோவதாக இருந்தால் உப்பைத் தனியாகக் கட்டிக்கொண்டு போய் அங்கே போட்டுப் பிசறுங்கள். கடை ஊறுகாயில் உப்பும் எண்ணெயும் அதிகம். பிரஷர் உள்ளவர்கள் ஊறுகாய்க்குப் பதிலாக இதை உப்பு குறைத்துச் செய்து சாப்பிடலாம்.

3. முளைகட்டிய பயறு

பச்சைப்பயறு 100 கிராம், தக்காளி 2, பெரிய வெங்காயம் 1, கேரட் 1, எலுமிச்சை 1, மிளகுத்தூள் அரை ஸ்பூன், கொத்தமல்லி, உப்பு.

பயறைக் காலையில் ஊற வையுங்கள். சாயங்காலம் தண்ணீரை வடித்து, சுத்தமான ஈரத் துணியில் கட்டித் தொங்க விடுங்கள். வெயில் காலத்தில் மறுநாள் காலைக்குள் முளை வந்துவிடும். துணி காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். பிசுபிசுப்போ கெட்ட வாடையோ வந்தால் சாப்பிடக் கூடாது.

முளைகட்டிய பயறை மட்டும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று சொல்வோம். முளை வருகிற அந்த ஈரச் சூட்டில் கிருமியும் சேர்ந்து வளரும். காலையில் இட்லி ஊற்றும்போது ஒரு தட்டில் பயறையும் பரப்பி ஐந்து, ஆறு நிமிடம் ஆவியில் வையுங்கள். தனியாக அடுப்புப் பற்ற வைக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் நன்றாக வேக வைத்துக் கொடுங்கள். ஆறியதும் மற்றதைச் சேர்த்து, எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள்.

முளை கட்டுவதில் இன்னொரு நன்மை இருக்கிறது. பயறுக்குள் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருள் முளை வரும்போது குறைகிறது. அதனால் இரும்புச்சத்து கூடுதலாக உடம்பில் சேரும்.

4. முருங்கைக்கீரையும் கடலைப்பொடியும்

இதற்கு மட்டும் கொஞ்சம் அடுப்பு வேண்டும். சோறு வடித்த சூட்டோடு செய்துவிடலாம். உருவிய முருங்கைக்கீரை நாலு பிடி, வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, காய்ந்த மிளகாய் 2, பூண்டு 3 பல், சின்ன வெங்காயம் 10, எலுமிச்சை அரை மூடி, உப்பு.

கடலை, மிளகாய், பூண்டை ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, கீரையைப் போட்டு, கை அளவு தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் மட்டும் வதக்குங்கள். நிறம் மாறுகிற வரை வேக விட வேண்டாம். இறக்கி, கடலைப்பொடி தூவி, சூடு தணிந்ததும் எலுமிச்சை பிழியுங்கள். ரத்தசோகை உள்ளவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது இதைச் செய்யுங்கள். வீட்டில் மரம் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுப்பார்கள். முருங்கைக்கீரைக்கு நம் ஊரில் யாரும் காசு கேட்பதில்லை.

5. வெள்ளைப்பூசணித் தயிர்ப் பச்சடி

வெள்ளைப்பூசணித் துருவல் ரெண்டு கிண்ணம், கெட்டித் தயிர் ஒரு கிண்ணம், பச்சை மிளகாய் 1, சீரகம் அரை ஸ்பூன், கறிவேப்பிலை, உப்பு.

பூசணியைத் துருவி, லேசாகப் பிழிந்து, தயிரில் கலந்து, சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். பிழிந்த சாற்றைக் கீழே ஊற்ற வேண்டாம், மோரில் கலந்து குடிக்கலாம். பூசணிக்குப் பதில் வெள்ளரிக்காய், கேரட், வெங்காயம் எதுவும் போடலாம். தயிர் வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும். அதனால் சாப்பிடும்போது கலக்குங்கள்.

ஒரு குறிப்பு. கீரை, பயறு, கம்பு சாப்பிடுகிற வேளைக்கு எலுமிச்சை சேர்த்த வெஞ்சனம் வையுங்கள். தயிர்ப் பச்சடியை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தயிரில் இருக்கிற சுண்ணாம்புச்சத்து எலும்புக்கு நல்லது, ஆனால் ஒரே வேளையில் சாப்பிட்டால் இரும்பு சேருவதைக் கொஞ்சம் குறைக்கும்.

"நான் என்ன ஆடா?"

செய்முறை சுலபம். வீட்டில் சாப்பிட வைப்பதுதான் கஷ்டம். முதல் வாரத்தில் உறுப்பினர்கள் வந்து சொன்னவை இவை.

"பச்சையாத் திங்க நான் என்ன ஆடா?" என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டாராம். அந்த உறுப்பினர் மறுநாள் அதையே கடுகு தாளித்து, வறுத்த கடலையை இடித்துப் போட்டு வைத்தார். "இது என்னது, நல்லா இருக்கே" என்று ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாராம். ஆடு என்ற பேச்சே வரவில்லை.

"பச்சைக் காயி வயித்தைக் கடுக்கும்" என்று ஒரு மாமியார் சொன்னார். அவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. பல் இல்லாதவர்களுக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கும் திடீரென்று நிறையக் கொடுத்தால் வயிறு உப்பும். அவர்களுக்கு எல்லாவற்றையும் துருவிக் கொடுங்கள். முதல் வாரம் ரெண்டு ஸ்பூன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் துருவித்தான் கொடுக்க வேண்டும். கேரட் துண்டும் முழுக் கடலையும் தொண்டையில் சிக்கும். சிறுநீரகக் கோளாறுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பிள்ளைகள் சாயங்காலம் ஐந்து ரூபாய் பாக்கெட் கேட்பார்கள். திட்டினால் நிற்காது. பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் நீளமாக நறுக்கிய வெள்ளரிக்காயில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி வைத்துப் பாருங்கள். கொய்யாக்காயும் அப்படியே. எல்லா நாளும் ஜெயிக்க முடியாது. வாரத்தில் நாலு நாள் ஜெயித்தால் போதும்.

பங்கு பிரிப்பது எப்படி?

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. மேலே சொன்ன ஐந்தையும் செய்து, வழக்கம்போல எல்லோருக்கும் வைத்துவிட்டு நாம் சட்டியை வழித்தால் என்ன பயன்?

நம் குழுவில் கடன் கொடுக்கும்போது யாருக்கு எவ்வளவு என்று முதலில் பேசி எழுதிவிட்டுத்தான் பணத்தை எண்ணுகிறோம். "மிஞ்சினால் கடைசி ஆளுக்கு" என்று சொல்வதில்லை. அதே முறையை அடுப்படிக்கும் கொண்டுவாருங்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து கிண்ணம் எடுத்து வையுங்கள். வெஞ்சனம் கலந்த உடனே, யாரும் சாப்பிட உட்காரும் முன்னால், ஐந்திலும் பிரித்து வைத்துவிடுங்கள். ஐந்தாவது கிண்ணம் உங்களுடையது. யாராவது இன்னும் கொஞ்சம் கேட்டால், "நாளைக்கு ஒரு வெள்ளரிக்காய் கூடுதலா வாங்கிட்டு வாங்க" என்று சொல்லுங்கள்.

சொல்வது சுலபம், செய்யும்போது மனசு கேட்காது என்று எங்களுக்கும் தெரியும். பிள்ளை கேட்கும்போது நம் கிண்ணத்தைத்தான் நீட்டுவோம். அதனால்தான் பிள்ளைக்கும் முதலிலேயே போதுமான பங்கை வைத்துவிட வேண்டும் என்கிறோம். முடிந்தால் ராத்திரிச் சாப்பாட்டையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடுப்பில்லாத வெஞ்சனத்தில் அது முடியும். சுடச்சுட வறுத்துப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டிய வேலை இதில் இல்லை.

2024ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புதிய உணவு வழிகாட்டியை வெளியிட்டது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து பேர் வீட்டுக்குக் காய் மட்டும் ரெண்டு கிலோ! நம்மில் பலர் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்றைக்கு இருப்பதைவிட ஆளுக்கு ஒரு கிண்ணம் கூட்டுவோம்.

அந்த அக்கா இப்போது

சட்டியில் சோறு பிசைந்து சாப்பிட்ட அந்த அக்காவைப் பற்றிக் கேட்பீர்கள். கிராம சுகாதார செவிலியர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அவர் முன்பெல்லாம் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். "வாய் கசக்குது, வெளிக்குக் கறுப்பாப் போகுது" என்பார். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போவது சகஜம் என்று செவிலியர் விளக்கிச் சொன்ன பிறகு ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார். டாக்டர் பூச்சி மாத்திரையும் கொடுத்தார். ராத்திரிச் சோற்றுக்குப் பின் குடித்த டீயை நிறுத்தினார். முருங்கைக்கீரையும் கோசுமல்லியும் மாற்றி மாற்றிச் செய்தார். தனக்கென்று ஒரு கிண்ணம் வைத்தார். ஆடி மாதம் மறுபடி ரத்தம் பார்த்தபோது 10.4 வந்திருந்தது.

வெறும் வெஞ்சனத்தால் இது நடக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ரத்தசோகை வந்துவிட்டால் மாத்திரை கட்டாயம் வேண்டும். சாப்பாடு அதற்குத் துணை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை மட்டும் நம்பாதீர்கள். மாதவிடாய் அதிகமாகப் போகிறவர்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அவர் எங்களிடம் சொன்ன ஒன்றை மட்டும் எழுதி முடிக்கிறோம். "மாத்திரை திங்கறது கூட எனக்குக் கஷ்டமாத் தெரியல. எனக்குன்னு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கத்தான் ஒரு மாசம் கூச்சமா இருந்துச்சு."

வீட்டில் செய்யும் கணக்கு

கோசுமல்லியை ஒரு நாள் செய்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஆன செலவை எழுதுங்கள். பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், மாங்காய், தேங்காய், எலுமிச்சை. சொந்தக் காட்டில் விளைந்ததற்கும் மார்க்கெட் விலையைப் போடுங்கள். கூட்டி ஐந்தால் வகுத்தால் ஒரு ஆளுக்கு ஆகும் செலவு வரும். அதற்குப் பக்கத்தில், அந்த வாரம் ஊறுகாய்க்கும் பிள்ளைகளின் பாக்கெட்டுக்கும் ஆன செலவையும் எழுதுங்கள். இரண்டையும் அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

கலந்து பேசுவோம்

1. நேற்று ராத்திரி உங்கள் தட்டில் என்ன வெஞ்சனம் இருந்தது? ஒவ்வொருவரும் சொல்லுங்கள்.

2. நம் குழுவில் இந்த வருடம் ரத்தம் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அளவு தெரியாதவர்கள் எல்லோரும் சேர்ந்து எந்த நாளில் துணை சுகாதார நிலையத்துக்குப் போகலாம்?

3. காய் விவசாயம் செய்கிற உறுப்பினர்கள், மார்க்கெட்டுக்கு ஏற்றும் முன்னால் வாரம் ஒரு நாள் குழுவுக்கு ஐந்து, பத்து கிலோ கொடுக்க முடியுமா? என்ன விலைக்குக் கொடுக்கலாம்? கமிஷனும் வண்டி வாடகையும் மிச்சமாவதால் இரண்டு பக்கத்துக்கும் லாபம் வருமா?

4. ஐந்தாவது கிண்ணம் எடுத்து வைக்க உங்கள் வீட்டில் என்ன தடை இருக்கிறது?

பேசி முடித்ததும் ஊக்குநர் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்: "நம் குழுவில் உள்ள அனைவரும் அடுத்த கூட்டத்துக்குள் ரத்தம் பரிசோதித்துக்கொள்வோம். வாரத்தில் குறைந்தது நாலு நாள் பச்சை வெஞ்சனம் செய்து, முதலிலேயே பங்கு பிரித்து, நம் பங்கை நாமே சாப்பிடுவோம்." எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு வெஞ்சனம் செய்து கொண்டுவாருங்கள். எது நன்றாக இருந்தது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். நல்ல செய்முறைகளைச் செய்திமடலில் வெளியிடுகிறோம். கொண்டு வரும்போது உங்கள் பங்கையும் சேர்த்துக் கொண்டுவர மறக்காதீர்கள்.